ஒன்பது சிற்றம்புகள்



கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் நம் இளைஞர்கள் மாலைவேளையில் கேரம் பலகையைச் சூழ்ந்து நிற்பது பழகிய காட்சி. டார்ட்ஸ் எனப்படும் சிற்றம்பு எறியும் ஆட்டத்தை அறிந்தோர் இங்கே சிலரே. ஆங்கிலேயரின் மதுச்சாலைகளில் வளர்ந்த ஆட்டமாதலால் நம் பெரியோர் முகம் சுளிக்கவும் கூடும். ஆயினும் அதில் நெடுங்காலம் ஊன்றி நின்ற ஓர் ஆசியரின் சரிதம், பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் அறியத்தக்கது.

பால் லிம் என்பவர் 1954-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்த சீனர். சமையற்கலை பயில இங்கிலாந்து சென்ற இடத்தில், ஓய்வு வேளைகளில் இவ்வாட்டத்தைக் கற்றார். பின்னர் பாப்புவா நியூகினியில் சமையற்காரராகப் பணிபுரிந்து, 1982-இல் அந்நாட்டின் சார்பிலேயே உலகப் போட்டிக்கு வந்தார். அடுத்து அமெரிக்கா சென்று அந்நாட்டுக்காக ஆடினார். முதுமையில் சிங்கப்பூருக்காக ஆடலானார். ஆக, ஒரே கை மூன்று கொடிகளின் கீழ் எறிந்திருக்கிறது. இவர் எந்த நாட்டவர் என்று வினவுவோர்க்கு நாம் வியப்புறாமல் விடை கூறலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வீட்டைவிட்டு நகராமலே மாநிலம் மாறிய உறவினர் நம்மிற் பலருக்கு உண்டல்லவா?

ஆட்டத்தின் கணக்கு எளிது. கைவரப் பெறுவதோ அரிது. பலகையிலிருந்து 7 அடி 9¼ அங்குலத் தொலைவில் நின்று, முறைக்கு மூன்று அம்புகள் எறிய வேண்டும். (நம் வேலியோரத்து ஆனைக்கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த செடியின் நாரே அப்பலகை என்பதைக் கள்ளிக்காட்டார் குறித்துக்கொள்ளலாம்.) 501 என்னும் எண்ணிலிருந்து புள்ளிகளைக் கழித்துச் சரியாகப் பூஜ்யத்தை அடைய வேண்டும்; கடைசி அம்பு, சுமார் 8 மில்லிமீட்டர் அகலமே உள்ள இரட்டை வளையத்தில் தைக்க வேண்டும். மும்மடங்கு இருபதில் தைத்தால் 60. அவ்வாறு ஆறு அம்புகள் தைத்தால் 360. எஞ்சிய 141-ஐ 60, 57, 24 என மூன்றே அம்புகளில் முடிக்கலாம். ஒன்பது அம்புகளுக்குக் குறைந்து எவராலும் முடிக்க இயலாது.

1990 ஜனவரியில், அயர்லாந்தின் ஜாக் மெக்கென்னாவை எதிர்த்து லிம் இவ்வழியே முடித்தார். உலகப் போட்டியில் அதற்குமுன் எவரும் அதைச் செய்ததில்லை. அதற்கெனக் குறித்திருந்த பரிசு 52,000 பவுன். அவ்வாண்டு பட்டம் வென்ற பில் டெய்லர் பெற்றதோ 24,000 பவுன். பரிசை அறிவித்தவர்கள் அதைக் கொடுக்க நேரும் என்று எதிர்பார்த்திருப்பார்களா என்பது ஐயமே!

2017 டிசம்பரில் 63-ஆம் வயதில் லிம் மீண்டும் உலக மேடையேறி, முன்னாள் வாகையர் மார்க் வெப்ஸ்டரை வென்றார். அடுத்து கேரி ஆண்டர்சனை எதிர்த்த ஆட்டத்தில் எட்டு அம்புகள் பிசகாமல் தைத்தன. எஞ்சியது 24, அதாவது 1990-இல் தைத்த அதே பன்னிரண்டின் இரட்டை. அரங்கம் முழுவதும் எதிர்பார்த்திருக்க, ஒன்பதாவது அம்பு தவறியது. ஆட்டமும் ஆண்டர்சன் பக்கம் சென்றது. அதனோடு ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிரார்.

அவர் ஒதுங்கவில்லை. 2025 டிசம்பரில் லண்டன் போட்டிக்கு 71 வயதில் வந்து, ஸ்வீடனின் ஜெஃப்ரி டி கிராஃபைத் தோற்கடித்தார். அம்மேடையில் ஆட்டம் வென்றவர்களில் அவரே வயதில் மூத்தவர். அதே போட்டியில் நம் நாட்டு நிதின் குமாரும், முந்தைய ஆண்டுகளில் முதற்சுற்றோடு திரும்பியவர், தம் முதல் வெற்றியைப் பெற்றார். இந்தியர் எவரும் அதற்குமுன் அங்கே வென்றதில்லை.

அடுத்த சுற்றில் லூக் ஹம்ப்ரீஸிடம் லிம் தோற்றார். ஹம்ப்ரீஸ் அவரினும் நாற்பத்தொரு வயது இளையவர்.