ஐ-45 நெடுஞ்சாலை: அகலப்படுத்தச் சொல்பவர்களுக்கு ஒரு மறுப்பு

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், நகர மையத்திலிருந்து வடக்கே செல்லும் ஐ-45 நெடுஞ்சாலையை அகலப்படுத்தவும், மையத்தைச் சுற்றியுள்ள சாலைகளை மாற்றிக் கட்டவும் டெக்சாஸ் மாநிலப் போக்குவரத்துத் துறை ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 2020 வாக்கில் 700 கோடி டாலர் ஆகும் என்றார்கள். இன்றைய மதிப்பீடு 1,000 கோடியைத் தாண்டிவிட்டது. 2021 மார்ச்சில் ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியின் நிர்வாகம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. அதே மாதம் ஒன்றிய நெடுஞ்சாலை நிர்வாகமும் வேலையை நிறுத்திவைக்கச் சொன்னது. 2022 டிசம்பரில் மாநகராட்சியும் கவுண்டியும் மாநிலத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ள, வழக்கு வாபஸ் ஆனது. 2024-இல் நகர மையத்தில் வேலை தொடங்கியது. வடக்குப் பகுதிகளின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே நகரம் இதை ஆதரிக்க வேண்டுமா என்ற கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஆதரிக்கச் சொல்பவர்கள் முன்வைக்கும் முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: வண்டிகள் பெருகிவிட்டன, தடங்கள் போதவில்லை, கூடுதலாகப் போட்டால் நெரிசல் தீரும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஹூஸ்டன்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. அதே ஊரில் மேற்கு நோக்கிப் போகும் கேட்டி நெடுஞ்சாலை 2003-க்கும் 2008-க்கும் இடையில் சுமார் 280 கோடி டாலர் செலவில் அகலப்படுத்தப்பட்டது. மிக அகலமான இடத்தில், பக்கவாட்டு சர்வீஸ் சாலைகளையும் சேர்த்து எண்ணினால், 26 தடங்கள். உலகின் மிக அகலமான சாலைகளில் ஒன்று என்று பெருமையாகப் பேசப்பட்டது. திறந்த புதிதில் வண்டிகள் வேகமாகப் போனது உண்மை. பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2011-க்கும் 2014-க்கும் இடையில் அந்தச் சாலையில் காலை உச்ச நேரப் பயண நேரம் சுமார் 30 விழுக்காடும், மாலைப் பயண நேரம் சுமார் 55 விழுக்காடும் கூடின. ஹூஸ்டனின் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பே பதிவுசெய்த தரவுகளிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கு இது.

இப்படி ஆவதில் மர்மம் எதுவும் இல்லை. சாலை நெரிசலாக இருக்கும்போது ஆறு மணிக்கே கிளம்பிப் போனவர், அகலமானதும் எட்டு மணிக்குக் கிளம்புகிறார். உள்தெருக்கள் வழியாகச் சுற்றிப் போனவர் நெடுஞ்சாலைக்குத் திரும்புகிறார். பஸ்ஸில் போனவர் காரை எடுக்கிறார். இந்த மூன்றும் சில மாதங்களில் நடந்துவிடும். அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் 1962-லேயே இதை எழுதிவிட்டார். நான்காவது மாற்றம் மெதுவாக வருகிறது, ஆனால் அதுதான் பெரியது: முன்பு எட்டாத தூரம் என்று ஒதுக்கிய இடத்தில் மனை போடுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள், அங்கிருந்து தினமும் நகரத்துக்கு வருகிறார்கள். ஜில் டுரான்டன், மேத்யூ டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலைத் தடங்கள் எந்த விகிதத்தில் கூடினவோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகள் ஓடிய தூரமும் கூடியதைக் காட்டியது. போட்ட தடமெல்லாம் நிரம்பிவிடுகிறது.

ஆதரவாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கேட்டி பக்கம் மக்கள்தொகை பெருகியது, அதனால் நெரிசல் வந்தது, சாலையை ஏன் பழிக்கிறீர்கள் என்பார்கள். முன்பைவிட அதிகம் பேர் போய்வருகிறார்களே, அது லாபம்தானே என்பார்கள். இந்தப் பதிலை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். போய்வருபவர்களின் எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனால் மக்கள் ஏன் அந்தத் திசையில் பெருகினார்கள்? அங்கே தமிழ்க் குடும்பங்களும் நிறைய. வீடு பார்க்கும்போது எல்லோரும் கேட்பது இரண்டு: பள்ளிக்கூடம் எப்படி, ஆபீஸுக்கு எத்தனை நிமிடம். இரண்டாவது கேள்விக்கான விடையைச் சாலைதான் தீர்மானிக்கிறது. மக்கள்தொகை தானாக வந்து விழுந்தது போலவும், சாலை அதற்குப் பணிந்து அகலமானது போலவும் சொல்வது காரணத்தைத் தலைகீழாக வைப்பது.

அந்தத் திசையில் இருந்தது வெறும் பொட்டல் வெளியும் அல்ல. மழைநீரை உறிஞ்சிவைக்கும் கேட்டி புல்வெளி அங்கேதான் இருக்கிறது. அதன் கீழ்ப்புறம், நகரத்தைக் காப்பாற்ற 1940-களில் கட்டப்பட்ட ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு வெள்ளத் தேக்கங்கள் உள்ளன. சாலையைத் தொடர்ந்து புல்வெளியில் குடியிருப்புகள் பரவின. தேக்கம் நிறைந்தால் தண்ணீர் ஏறி நிற்கக்கூடிய நிலத்திலும் வீடுகள் வந்தன. 2017-இல் ஹார்வி புயல் மழையில் தேக்கங்கள் நிரம்பி, அவற்றுக்கு மேற்புறம் இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த இழப்புக்கு ஒன்றிய அரசு பொறுப்பு என்று 2019 டிசம்பரில் ஒன்றிய நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. சாலை மட்டுமே வெள்ளத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. எங்கே வீடு கட்டலாம் என்று ஊருக்குச் சொல்லும் அதிகாரம் சாலைக்கு இருக்கிறது, அந்த விலையைத் திட்டத்தின் கணக்கில் யாரும் எழுதவில்லை என்கிறேன்.

அடுத்த காரணம் புயல். ஐ-45 கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குத் தப்பிச் செல்லும் வழி. அது குறுகலாக இருந்தால் உயிர் போகும் என்கிறார்கள். பயத்தைத் தொடும் வாதம் என்பதால் கூட்டங்களில் இதற்குக் கைதட்டல் அதிகம். 2005 செப்டம்பரில் ரீட்டா புயல் வந்தபோது நடந்ததை அந்த ஊர் மறக்கவில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் கட்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்திருந்தது. அந்த அச்சத்தில் 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் காரை எடுத்தார்கள். கொளுத்தும் வெயிலில் பெட்ரோல் தீர்ந்து, பல மணி நேரம் வண்டிகள் நின்றன. முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிச் சென்ற பஸ் ஒன்று டல்லாஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழியில் இறந்தவர்கள் மொத்தம் நூறு பேருக்கு மேல்.

இந்தத் துயரத்திலிருந்து ஹூஸ்டன் கற்றது என்ன? அத்தனை பேரையும் ஒரே நாளில் ஏற்றிச் செல்லும் அளவுக்கு எந்தச் சாலையையும் கட்ட முடியாது. யார் கிளம்ப வேண்டும், யார் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று பிரிப்பதுதான் வழி. 2008-இல் ஐக் புயல் வந்தபோது கடலோரத்தின் தாழ்வான பகுதிகளை மட்டும் அஞ்சல் எண் வாரியாக வெளியேறச் சொன்னார்கள். மற்றவர்களை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஹார்வியின்போது மேயர் சில்வெஸ்டர் டர்னர் நகரத்தைக் காலிசெய்ய உத்தரவிடவே இல்லை. அந்த மழையில் நெடுஞ்சாலைகளே ஆறாக ஓடின. சாலையில் இருந்திருந்தால் பலர் காரோடு மூழ்கியிருப்பார்கள். அவசரகால வெளியேற்றத்துக்கு வேண்டியவை முன்கூட்டிய திட்டம், எதிர்த்தடத்தையும் வெளியேறும் பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடு, வண்டி இல்லாதவர்களுக்குப் பஸ். இவற்றில் எதற்கும் ஆயிரம் கோடி டாலர் தேவைப்படாது.

பாதுகாப்பு என்ற காரணத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. பழைய வளைவுகள், குறுகிய நுழைவுகள், தாழ்வான பாலங்கள் ஆபத்தானவை; அவற்றைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் அகலமாக்குவது வேறு, சரிசெய்வது வேறு. 2000 நவம்பர் 7-க்குப் பிறகு டெக்சாஸ் சாலைகளில் ஒருவர்கூட இறக்காத நாள் ஒன்றுகூட இல்லை. இந்தக் காலம் முழுவதும் அந்த மாநிலம் சாலைகளை அகலமாக்கிக்கொண்டேதான் இருந்தது.

என்னை அதிகம் வருத்துவது நான்காவது வாதம். நிலம் எடுக்கும்போது சட்டப்படி சந்தை விலை தருகிறோம், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இடம் மாற உதவி தருகிறோம், பிறகு யாருக்கு என்ன குறை என்பது அது. மாநிலத்தின் சொந்த அறிக்கையே இழப்பைப் பட்டியலிட்டது: 1,079 குடியிருப்புகள், 344 வணிக இடங்கள், ஐந்து வழிபாட்டுத் தலங்கள், இரண்டு பள்ளிகள். இவை நகரெங்கும் சமமாகச் சிதறிக் கிடக்கவில்லை. பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் வாழும் பகுதிகளில் இருக்கின்றன. கிளேட்டன் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு அவற்றில் ஒன்று. ஐ-45-உம் 610 சுற்றுச்சாலையும் சந்திக்கும் இடத்தை ஒட்டி இன்டிபென்டன்ஸ் ஹைட்ஸ் இருக்கிறது. டெக்சாஸில் கறுப்பின மக்கள் தாங்களே நகராட்சியாகப் பதிவுசெய்துகொண்ட முதல் ஊர் அது, 1915-இல். பிறகு ஹூஸ்டனோடு இணைக்கப்பட்டது. பிறகு சுற்றுச்சாலை அதை வெட்டிக்கொண்டு போனது. இப்போது மறுபடியும் அந்த ஊரின் பக்கமே அளவுகோல் நீள்கிறது.

ஐந்தாம் வார்டின் கதையும் இதுதான். 1960-களில் இரண்டு நெடுஞ்சாலைகள் குறுக்கும் நெடுக்குமாக அதன் நடுவே போயின. விடுதலை பெற்ற அடிமைகள் குடியேறிய நான்காம் வார்டை ஐ-45 கிழித்துச் சென்றது. ஒரு முறை இழந்தவர்களின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் மீண்டும் போய், சந்தை விலை தருகிறோம் என்கிறார்கள். அந்தச் சந்தை விலை எப்படி அமைந்தது? அறுபது ஆண்டுகளாக நெடுஞ்சாலையின் புகையையும் இரைச்சலையும் பக்கத்தில் வைத்துக்கொண்ட வீட்டின் விலை அது. அதே தொகைக்கு நகரத்துக்குள் இன்னொரு வீடு கிடைப்பது கடினம். கடைக்காரருக்கு இடம் மாறப் பணம் வரும், வாடிக்கையாளர்கள் கூடவே வர மாட்டார்கள். தேவாலயத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போனபின் வேறோர் இடத்தில் கட்டடம் எழுப்பினால் அது அதே சபையாகுமா? 2023-இல் ஒன்றிய நிர்வாகத்தோடு செய்த உடன்பாட்டில், மலிவு விலை வீடுகளுக்கு மூன்று கோடி டாலர் தர மாநிலம் ஒப்புக்கொண்டது. போராடிப் பெற்ற தொகை என்பதால் அதை மதிக்கிறேன். ஆனால் ஆயிரம் கோடிக்கு மேல் ஆகும் திட்டத்தில் மூன்று கோடி என்ன விகிதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஹூஸ்டன் பரந்த ஊர், பஸ்ஸும் ரயிலும் அதற்கு ஒத்துவராது என்று அடுத்து சொல்கிறார்கள். இதே ஐ-45-இல், 1979-இல், நெரிசல் நேரத்தில் எதிர்த்திசைத் தடம் ஒன்றைப் பிரித்துப் பஸ்களுக்கும் கூட்டு வேன்களுக்கும் கொடுத்தார்கள். நல்ல பலன் கிடைத்ததால்தான் பின்னர் மற்ற நெடுஞ்சாலைகளிலும் நிரந்தரத் தனித்தடங்கள் வந்தன. 2015 ஆகஸ்டில் நகரத்தின் பஸ் வழித்தடங்கள் முழுவதும் ஒரே இரவில் மாற்றி வரையப்பட்டன. அடிக்கடி வரும் பஸ்கள் கூடின, பயணிகளும் கூடினார்கள். 2019-இல் பொதுப் போக்குவரத்துக்காக 350 கோடி டாலர் கடன் வாங்க வாக்காளர்கள் பெரும்பான்மையாக அனுமதி தந்தார்கள். ஒத்துவராத ஊர் இப்படியா வாக்களிக்கும்? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேட்டி நெடுஞ்சாலையை அகலப்படுத்த நிலம் கிடைத்தது அதன் ஓரமாக ஓடிய பழைய ரயில் பாதையை எடுத்துவிட்டதால்தான். மேற்குப் புறநகருக்கு ரயில் விட ஏற்ற அந்தப் பாதையைத் தார் போட்டு மூடிவிட்டு, ரயில் இங்கே ஒத்துவராது என்று சொல்வது நியாயமில்லை.

கடைசியாகச் சொல்லப்படுவதுதான் இருப்பதிலேயே வலுவான வாதம்: இது மாநிலத்தின் பணம், வேண்டாம் என்றால் டல்லாஸுக்கோ சான் ஆன்டோனியோவுக்கோ போய்விடும். 1970-களில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரம் மவுண்ட் ஹூட் நெடுஞ்சாலையை வேண்டாம் என்றபோது, ஒன்றியச் சட்டம் அந்தப் பணத்தை வேறு போக்குவரத்துத் திட்டங்களுக்குத் திருப்ப இடம் தந்தது. 1986-இல் ஓடத் தொடங்கிய அதன் இலகு ரயிலுக்கு அந்த முடிவு வழிவிட்டது. டெக்சாஸில் அப்படித் திருப்ப வழியில்லை. மாநில நெடுஞ்சாலை நிதியின் பெரும்பகுதி சாலைகளுக்கே என்று மாநில அரசமைப்பே கட்டிவைத்திருக்கிறது. 2014-லும் 2015-லும் வாக்காளர்கள் ஏற்ற திருத்தங்கள் அந்தக் கட்டை இன்னும் இறுக்கின. இவற்றை மறுக்க முடியாது.

ஆனாலும் இலவசமாக வருகிறது என்பதற்காக எதையும் வாங்கிக்கொள்ளலாமா? டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. நகரமும் கவுண்டியும் பள்ளிகளும் சொத்து வரியைப் பெரிதும் நம்பித்தான் இருக்கின்றன. நெடுஞ்சாலை ஆன நிலத்திலிருந்து ஒரு டாலர்கூட வரியாக வராது. 344 கடைகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் நின்ற இடம் அந்தக் கணக்கிலிருந்து போய்விடும். புகையால் வரும் ஆஸ்துமாவுக்கு மருத்துவம் பார்ப்பதும், சாலையிலிருந்து வடியும் மழைநீரைத் தாங்குவதும் உள்ளூரின் தலையில்தான். ஆகவே மாநிலத்தின் பணத்தோடு நகரத்தின் பணமும் சேர்ந்தே செலவாகிறது. அரசமைப்பைத் திருத்தியவர்கள் வாக்காளர்கள். மறுபடி திருத்தும் அதிகாரமும் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் எதிர்க்கச் சொல்லவில்லை. நகர மையத்தின் தென்மேற்குப் பக்கம் உயரத்தில் ஓடும் பியர்ஸ் மேம்பாலச் சாலையை அகற்றுவதும், பழைய வடிகால்களைப் பெரிதாக்குவதும் நல்லவை. மாநகராட்சி இனி கேட்க வேண்டியவை தெளிவானவை. வடக்குப் பகுதிகளில், இப்போதுள்ள நிலத்துக்குள்ளேயே பாலங்களையும் வளைவுகளையும் சரிசெய்யும் வரைபடம் ஒன்றை மாநிலம் முதலில் போட்டுக் காட்ட வேண்டும். நெரிசல் கணக்கில், புதிய தடங்கள் இழுத்துவரும் வண்டிகளையும் சேர்த்து எழுத வேண்டும். கூடுதல் தடம் எதற்காவது நகரம் சம்மதித்தால், அது முதல் நாளிலிருந்தே பஸ்ஸுக்கென்று எழுத்தில் உறுதியாக வேண்டும். இந்த மூன்றும் கைக்கு வரும்வரை ஆதரவுத் தீர்மானத்தில் மாநகராட்சி கையெழுத்துப் போடக் கூடாது.