வெள்ளைப் பொட்டு மறைஞ்சா வியாதி போச்சா?

இந்த வாரம் ஒரு ஹாபி மேட்டர். ஆனா, உயிர் சம்பந்தப்பட்ட ஹாபி. அதனால கொஞ்சம் சீரியஸாவே பேசுவோம்.

கொச்சியில கிளம்பி மூணாறு, போடிமெட்டு, போடிநாயக்கனூர், தேனி, மதுரைன்னு தனுஷ்கோடி வரைக்கும் போச்சே பழைய என்.ஹெச். 49... அந்த ரோட்டுக்கு ரெண்டு முனையிலயும் கடல். நடுவுல மலையும் ஏலக்காயும்தான். அப்படிப்பட்ட போடியில, வீட்டு ஹால்ல கடல் மீன் தொட்டி வைக்க முடியுமா? தாராளமா முடியும் பாஸ். ஆர்.ஓ. தண்ணி, பாக்கெட்ல வர்ற கடல் உப்புக் கலவை, ஃபில்டர், ஹீட்டர் இருந்தா போதும். 2023 ஜூன்ல சென்னை - போடி ரயிலும் வந்தாச்சு. ராத்திரி ஏறினா காலையில ஊர்ல இறங்கலாம்.

தொட்டியும் வெச்சாச்சு, ரெண்டு ஜோடி கோமாளி மீனும் விட்டாச்சுன்னு வெச்சுக்குங்க. (அதான், நம்ம 'நீமோ'!) ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாள் பார்த்தா, மீன் மேல ரவையைத் தூவின மாதிரி வெள்ளைப் பொட்டு. கல்லுல போய் உடம்பை உரசுது. மூச்சு வாங்குது. என்ன செய்வீங்க?

நல்ல தண்ணி மீன் வளர்க்கிற ஃப்ரெண்டைக் கேட்டா, 'கல் உப்பு போடுடா, ஹீட்டரைக் கொஞ்சம் ஏத்துடா'ன்னு சொல்வான். அவன் தொட்டிக்கு அது சரி. ஏற்கெனவே லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிற தண்ணியில இன்னும் ஒரு கைப்பிடி உப்பு போட்டு என்னாகப் போகுது? பொட்டு ஒரே மாதிரி தெரிஞ்சாலும் இது வேற ஆளு. பேரு கிரிப்டோகாரியான் இர்ரிட்டன்ஸ். 1951-ல வெச்ச பேரு. தோலுக்கு அடியிலயும் செவுளுக்குள்ளயும் புகுந்து மீனையே தின்னு வளர்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. செவுள் கெட்டா மீனுக்கு மூச்சு கிடையாது. சாவு அங்கதான் வருது.

இதுல பெரிய ஏமாத்து வேலை ஒண்ணு இருக்கு. நாலஞ்சு நாள்ல பொட்டு தானா மறைஞ்சிடும்! கடையில வாங்கின ஏதோ ஒரு நீல மருந்தை ஊத்தியிருந்தா, 'ஆஹா, கேட்டுடுச்சு'ன்னு நாமளும் நிம்மதியாயிடுவோம். நிஜத்துல என்ன நடந்திருக்கு தெரியுமா? மூணு முதல் ஏழு நாள் வரைக்கும் மீன்கிட்ட சாப்பிட்டுக் கொழுத்த ஒட்டுண்ணி, பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடி கீழே உதிர்ந்து, மணல்லயும் கல்லுலயும் ஒட்டி, தன்னைச் சுத்தி ஒரு கெட்டி ஓடு கட்டிக்குது. அதுக்குள்ள ஒண்ணு பலதாப் பிரியுது. ஒரே ஓட்டுல இருந்து இருநூறு குஞ்சு வரைக்கும் வெளியே வரலாம். வந்ததும் நீந்திப் போய் மீனைத் தேடும். ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கலைன்னா அது காலி. கிடைச்சா? ரெண்டாவது ரவுண்டு பொட்டு, முதல் ரவுண்டை விடப் பல மடங்கு. மீன் செத்து மிதக்கிறது அப்போதான்.

இப்போ மூணு இடத்தையும் பாருங்க. மீன் தோலுக்குள்ள இருக்கும்போது மருந்து எட்டாது. ஓட்டுக்குள்ள இருக்கும்போது மருந்து நுழையாது. தண்ணியில நீந்துற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அடிக்க முடியும்.

இது போடி பசங்களுக்குப் புது விஷயமே கிடையாது. மலை மேல ஏலத்தோட்டம் வெச்சிருக்கிற தாத்தாவைக் கேளுங்க. தண்டுத் துளைப்பான் புழு தண்டுக்குள்ள போன பிறகு மேல மருந்து அடிச்சா மருந்துக்காசு வேஸ்ட். அந்துப்பூச்சி தோட்டத்துல தெரிய ஆரம்பிச்சதும் நாள் எண்ணி, புழு உள்ளே போறதுக்கு முன்னாடி அடிக்கணும். எதிரி எப்போ வெளியே வருவான்னு தெரிஞ்சு அடிக்கிறதுதான் வைத்தியம். மீன் தொட்டிக்கும் அதே கணக்கு.

சரி, எதை வெச்சு அடிக்கிறது? அதுவும் தாத்தாவுக்குத் தெரிஞ்ச சரக்குதான்: தாமிரம். ஏலக்காய்க்கு அழுகல் நோய் வராம இருக்க மழைக்காலத்துக்கு முன்னாடி அடிக்கிற போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மீன் வைத்தியத்துலயும் அதே தாமிரம்தான் ரொம்ப காலமா கைகொடுக்குது. ஆனா, தோட்டத்து டப்பாவைத் தூக்கிட்டு ஓடாதீங்க! ஒரு சதவீத போர்டோ கலவையில இருக்கிற தாமிரம், மீன் தாங்குற அளவை விடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல. மீனுக்கு வேண்டியது லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். குறைஞ்சா ஒட்டுண்ணி சாகாது, கூடினா மீனே செத்துடும். பாட்டில் மருந்துல சிலதுக்கு அளவு வேற, அதனால லேபிளைப் படிங்க. தினமும் டெஸ்ட் கிட்ல பார்த்து மூணு நாலு வாரம் ஒரே அளவுல வெச்சிருக்கணும்.

இன்னொண்ணு. மெயின் தொட்டியில தாமிரத்தை ஊத்தவே கூடாது. இறால், நத்தை எல்லாம் க்ளோஸ். அங்க இருக்கிற கல்லும் மணலும் சுண்ணாம்பு சம்பந்தப்பட்டது. தாமிரத்தை உறிஞ்சிக்கும், அளவே நிக்காது. மீனைத் தனித் தொட்டிக்கு மாத்துங்க. மணல் வேண்டாம், ஒளிஞ்சிக்க ரெண்டு பி.வி.சி. பைப் துண்டு, காத்து மோட்டார், ஹீட்டர் போதும்.

டெஸ்ட் கிட் வாங்கக் காசில்லையா? மாசக் கடைசியா? மருந்தே இல்லாத ஒரு வழி இருக்கு. ரெண்டு பிளாஸ்டிக் டப். முதல் டப்ல மீனை விடுங்க. 72 மணி நேரம் தாண்டறதுக்கு முன்னாடி, புதுசா உப்புத் தண்ணி கலந்த ரெண்டாவது டப்புக்கு மாத்துங்க. காலியான டப்பைக் கழுவி, அதுல போட்டிருந்த சாமானோட சேர்த்து நல்லாக் காய வையுங்க. பழைய தண்ணியில ஒரு சொட்டு கூடப் புதுசுக்குப் போகக்கூடாது. இப்படி நாலு தடவை, மொத்தம் 12 நாள். லாஜிக் சிம்பிள். மீன்ல இருந்து உதிர்ந்தது ஓட்டுக்குள்ள குஞ்சு பொரிக்கறதுக்குள்ள, மீன் வீடு மாறிப் போயிடுது!

ஒரு எச்சரிக்கை. பொட்டு ரவை மாதிரி இல்லாம, பவுடர் பூசின மாதிரி மெல்லிசா இருந்து, மீனும் ரொம்ப வேகமா மூச்சு வாங்குதுன்னா அது 'வெல்வெட்'டா இருக்கலாம். ஒண்ணு ரெண்டு நாள்லயே தொட்டியைக் காலி பண்ணிடும். அதுக்கு டப் வித்தை சரிப்படாது. தாமிரத்தை உடனே ஆரம்பிக்கணும்.

மீன் குணமாயிடுச்சு. உடனே பழைய தொட்டிக்கு விடலாமா? அங்கதான் நிறைய பேர் தோத்துப்போறாங்க. மணல்ல ஒட்டியிருக்கிற ஓடு சும்மா இருக்காது. 72-வது நாள் வரைக்கும் காத்திருந்து குஞ்சு வெளியே வந்ததா ஆய்வுப் பதிவு இருக்கு. அதனால மீன் வளர்க்கிறவங்க 76 நாள்னு கணக்கு வெச்சிருக்காங்க. அதுவரைக்கும் அந்தத் தொட்டியில ஒரு மீன் கூட இருக்கக்கூடாது. நத்தை, இறால் இருக்கலாம். வர்ற குஞ்செல்லாம் மீன் கிடைக்காம பட்டினியில செத்துடும். 76 நாள்னா பாதி செமஸ்டருக்கு மேல. காலித் தொட்டியைப் பார்த்து வீட்ல கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்!

இவ்வளவு கஷ்டமும் வராம இருக்க வழி? புதுசா எந்த மீன் வந்தாலும் முதல்ல தனித் தொட்டி. மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தோட மையம் 2010-ல இந்தியாவுலயே முதல் முறையா கடல் விரால் குஞ்சு பொரிக்க வெச்சது. அங்கயே தாய் மீனைத் தனிமைப்படுத்திப் பார்க்காம தொட்டியில விடறதில்லை. அவங்களுக்கே அந்த ஜாக்கிரதைன்னா, நமக்கு?

கோமாளி மீனைத் தொட்டியிலயே குஞ்சு பொரிக்க வெச்சு வளர்க்கிற முறையை அந்த நிலையமும், பரங்கிப்பேட்டையில இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையமும் செஞ்சு காட்டியிருக்காங்க. வாங்கும்போது, 'இது பண்ணையில பிறந்ததா, கடல்ல பிடிச்சதா?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கடைகள்ல கிடைக்கிற கடல் மீன்ல பெரும்பாலானது பவளத்திட்டுல வலை போட்டுப் பிடிச்சதுதான். அது செத்தா நாம இன்னொண்ணு வாங்குவோம், அதுக்காக இன்னொண்ணைப் பிடிப்பாங்க. பவளப்பாறைத் துண்டு கேட்கவே கேட்காதீங்க. 2001-ல இருந்து வனவிலங்குச் சட்டத்துல புலிக்குக் கிடைக்கிற அதே பாதுகாப்பு அதுக்கும் உண்டு.

76 நாள் காலித் தொட்டியைப் பார்த்துட்டு இருக்கப் பொறுமை இருக்கா? இருக்குன்னா, தைரியமா ஆரம்பிங்க. இல்லைன்னா ரெண்டு கப்பி மீன் போதும் பாஸ், அதுவும் அழகுதான்!