ஆனையிறவின் கதையை யார் சொல்வது?

2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை திறந்துவைக்கப்பட்டபோது, அங்கு விளையும் உப்புக்கு ‘ரஜ லுணு’ என்று சிங்களப் பெயர் சூட்டப்பட்டது. எம் மண்ணில் விளைந்த உப்புக்கு எம் மண்ணின் பெயர் ஆகாதோ என்று தமிழ் மக்கள் கேட்டனர். கேட்டது நியாயமே. அதே கேள்வியைத் திரைப்படம் குறித்தும் கேட்கவேண்டியவர்களாய் இருக்கின்றோம்.

ஆனையிறவின் பெயர் தாங்கிய படம் ஒன்று உண்டு. நிஹால் டி சில்வா 2003 இல் வெளியிட்ட ஆங்கில நாவலைச் சந்திரன் ரத்தினம் ‘அலிமங்கட’ என்னும் பெயரில் படமாக்கினார். படத்தின் மொழி சிங்களம். இதனை நாம் குற்றமென்று கூறவில்லை. ஒரு நிலத்தின் துயரை எம்மொழியாரும் பாடலாம். ஆயின் 1991 இலும், 2000 இலும், 2009 இலும் போர்க்களமான இந்நிலத்தில், வீட்டையும் வயலையும் இழந்து, மீண்டுவந்து ஏர்பூட்டிய மக்கள், தம் கதையைத் தம் மொழியில் திரைக்குக் கொணர வழி உண்டா?

ஆற்றல் நம்மிடம் இல்லையென்பது வீண்பேச்சு. 1963 இல் ‘தோட்டக்காரி’ வெளிவந்தது. 1972 இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராசா ‘குத்துவிளக்கு’ படத்தைத் தயாரித்தார். 1977 இல் சிங்களவரான தர்மசேன பத்திராஜா ‘பொன்மணி’யை யாழ்ப்பாணத்திலே தமிழில் எடுத்தார். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978 இல் படமாயிற்று. விதை முளைத்தது, நீர் பாய்ச்சுவார் இல்லாமையாற் பயிர் வாடிற்று.

தமிழ்நாட்டுப் பெரும்படங்களோடு போட்டியிட முடியாதென்பர் சிலர். சிங்களப் படவுலகின் வரலாற்றையே அவர்கள் நோக்கட்டும். முதற் சிங்களப் பேசும்படம் 1947 இல் மதுரையில் எடுக்கப்பட்டது, தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். தென்னிந்திய நிழலில் நின்ற அக்கலை பின்னர் தன் மண்ணில் வேரூன்றியது. 1972 இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டு, உள்நாட்டுத் தயாரிப்பாளர்க்குக் கடனுதவியும் அளித்தது. அந்நாளில் தென்னிந்தியப் படங்களுக்குச் சீட்டு வாங்கிய தமிழரின் காசும் அக் கூட்டுத்தாபனத்தின் பெட்டியிலேதான் விழுந்தது. கொடுத்தவன் கேட்பது பிச்சையன்று, பங்கு.

மலையாளப் படங்களும் ஒருகாலத்திற் சென்னையையே நம்பியிருந்தன. கேரள அரசு 1975 இல் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நிறுவித் திருவனந்தபுரத்திற் படப்பிடிப்பு நிலையமும் அமைத்தது. அரசு துணைநின்றால் சிறிய மொழிப் பரப்பிலும் கலை தழைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நெல்லுக்கு விலையின்றி உழவன் கலங்கும்போது படத்துக்குப் பணமா என்று கேட்பாரும் உளர். விதைநெல்லுக்குக் கடன் வேண்டுமென்று அறிந்த உழவன், முதலின்றி எதுவும் விளையாதென்பதையும் அறிவான். இரணைமடு நீரை நம்பி வாழ்பவன் படும் பாட்டை நாடறியச் செய்வதற்குப் படத்தினும் வலிய கருவி ஏது?

எனவே நாம் கேட்பன நான்கு. தமிழ்ப் படங்களுக்கெனத் திரைப்படக் கூட்டுத்தாபனம் நிதி ஒதுக்கவேண்டும். எழுத்துப் பிரதிகளைத் தமிழ் அறிந்தோரே ஆராயவேண்டும். நேத்ரா, வசந்தம் ஆகிய அரச தமிழ்த் தொலைக்காட்சிகள், கொழும்பை விட்டு வெளியே வந்து, வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வாழும் கலைஞரிடமிருந்து நிகழ்ச்சிகளை விலைகொடுத்துப் பெறவேண்டும். பயிற்சிக் கூடமும் கருவிகளும் கிளிநொச்சி போன்ற இடங்களிற் கிடைக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூறுவோம். உதவி வேறு, கட்டளை வேறு. பணம் தந்தோம், ஆகவே எமக்கு உவந்ததையே எடு என்று அரசு சொல்லுமாயின், அப்பணம் கலைக்கு நஞ்சாகும். அரசின் புகழையோ, வேறெவரின் புகழையோ பாட அன்று, உண்மையை உரைக்கவே இவ்வுதவி.

நம்மவர் கடனும் உண்டு. வழக்கறிஞரும் மருத்துவரும் ஆசிரியரும் உழவரும் உள்ளூர்ப் படத்துக்குச் சீட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். நாமே பாராத படத்துக்கு அரசிடம் பங்கு கேட்க நமக்கு எந்த முகம்? விளைவிக்கும் கையும் பெயரிடும் வாயும் ஓரினத்துக்கு ஒருங்கே உரியவை. உப்புக்குக் குரல் கொடுத்தோர் கதைக்கும் குரல் கொடுப்பாராக!