காதோரம் ஒரு கூச்சம்

கேரள எல்லையில் உள்ள வாளையாரில் இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. 1984-ல் உற்பத்தி தொடங்கிய மலபார் சிமென்ட்ஸ் ஆலை ஒருபுறம், கோவை - பாலக்காடு நெடுஞ்சாலையில் ஏர்ஹாரன் அலறும் லாரிகள் மறுபுறம். தினமும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டால் உள்காதின் மயிர்ச்செல்கள் மெல்ல அழியும், மீண்டும் முளைக்காது.

கேட்கும் கருவி உதவும். ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டவர் படித்தவர். கருவி மாட்டியவருக்கோ 'செவிடு' என்ற பட்டம். பெண் பார்க்க வரும் நாளில் கருவி பீரோவுக்குள் போய்விடும்.

1983-ல் அமெரிக்க அதிபர் ரீகன் கருவியோடு வெளியே வந்தார். அங்கே விற்பனை எகிறியது. அவருடையது காதுத் துளைக்குள் ஒளிந்துகொள்ளும் ரகம். 1981-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் நம் ஏழைகளுக்குக் கிடைப்பது காதுக்குப் பின்னால் மாட்டுவது. மறைக்கும் வசதியும் காசுள்ளவர்களுக்கே. இத்தனைக்கும் கடுமையான குறைபாட்டுக்கு ஏற்றது பின்னால் மாட்டும் ரகம்தான்.

கூச்சத்தால் தள்ளிப்போட்டால் நஷ்டம் அதிகம். பல வருடம் கேட்காத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக நாளாகும். கருவியை மறைத்தாலும் "என்ன சொன்னீங்க?" என்று மூன்று முறை கேட்பதை மறைக்க முடியாது. அக்கம்பக்கத்தார் முதலில் கவனிப்பது அதைத்தான்.