சீற்றைத் தூக்கிப் பாருங்கள்

சகோதரிகளே, 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். அதன்பின் மின்சார ஸ்கூட்டரில் பலருக்கும் விருப்பம் வந்துவிட்டது. சங்கத்தில் கடனெடுத்துப் பாவித்த வண்டி வாங்கப் போகும் பெண்கள் நிறத்தையும் விலையையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியின் தரம் உள்ளேதான் இருக்கிறது. சீற்றையும் கால் வைக்கும் தட்டையும் கழற்றிக் காட்டும்படி கேளுங்கள். இதற்குக் கூச்சம் எதற்கு? காட்ட மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

முதலில் வயர்களைப் பாருங்கள். நல்ல வண்டியில் அவை உறைக்குள் ஒழுங்காகச் செல்லும். பொருத்துகளில் தண்ணீர் போகாதபடி றப்பர் இருக்கும். வெறுமனே முறுக்கி ரேப் சுற்றிய இடங்கள் மாரி மழைக்குப் பச்சை பிடித்துவிடும். பிளக்கின் ஓரம் உருகியோ கபில நிறமாகியோ இருந்தால் அங்கே தொடுப்புத் தளர்ந்து சூடேறியிருக்கிறது. தீப்பிடிக்கவும் கூடும். பற்றரி வயரில் பியூஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஈயப் பற்றரி என்றால், 12 வோல்ற் பற்றரிகள் ஐந்தைத் தொடராக இணைத்தே 60 வோல்ற் பெறுகிறார்கள். ஒன்று பழுதானால் மற்ற நான்கும் நன்றாக இருந்தும் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே, தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே மீற்றரில் அளப்பியுங்கள். ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினாலோ உப்பியிருந்தாலோ, புதுப் பற்றரிச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கிட்டப் போகுமுன் வளையலைக் கழற்றிவிடுங்கள். உலோகம் இரு முனைகளிலும் ஒன்றாகப் பட்டால் கை வெந்துவிடும்.

சார்ஜ் ஏற்றும் முறையை அடுத்த மாதம் பார்ப்போம்.