மருமகள் வந்தால் போதுமா, காகிதம் வேண்டாமா?

கல்யாணம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஜாதகம், முகூர்த்தக்கால், சீர், பந்தி. மலேசியாவில் பிறந்து வளர்ந்த பெண் எங்கள் கோச்சடை வீட்டுக்கு எனக்கு ஓரகத்தியாக வந்தபோது, நானும் இவற்றைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அரசாங்கக் காகிதத்தின் அருமை பட்ட பிறகுதான் புரிந்தது. நீங்களும் படவேண்டாமே என்றுதான் எழுதுகிறேன், சகோதரிகளே!

கொழுந்தனார் கிள்ளானில் வேலை பார்த்தபோது அமைந்த சம்பந்தம். கல்யாணம் மதுரையில் நடந்தது. ஒரு வருஷம் கழித்து, மாமியாருக்கு முடியாமல் போகவே, இருவரும் இங்கேயே வந்துவிட்டார்கள். இந்தியரின் மனைவி என்ற முறையில் அவளுக்கு நுழைவு விசா கிடைத்தது. வந்த புதிதில் கொழுந்தனார் பதிவும் செய்துவிட்டார். முத்தையா சாமிக்குப் பொங்கல் வைத்தோம், பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்தோம். அதோடு மறந்தோம்!

ஒருநாள் ராத்திரி போன். அவள் அப்பாவுக்கு மாரடைப்பு. "அக்கா, நான் உடனே போகணும்" என்று அழுதாள். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், விசா முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது! கெடு தாண்டித் தங்கியவர் அபராதம் கட்டி, வெளியேறும் அனுமதி வாங்கினால்தான் விமானம் ஏறலாமாம். அதற்கு நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அவள் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தெய்வாதீனமாக அப்பா பிழைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் அவள் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்?

அவள் புது விசாவோடு திரும்பியதும், எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம்.

பதிவு: 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 2018 முதல் இதையும், விசா நீட்டிப்பையும் இணையத்திலேயே செய்யலாம். நீட்டிப்புக்குக் கெடு முடியுமுன்பே மனுப் போட்டுவிடணும்.

கல்யாணப் பதிவு: தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவது கட்டாயம். கோயில் ரசீதும் போட்டோ ஆல்பமும் போதாது. பதிவு செய்த திருமணம் இரண்டு வருஷம் தொடர்ந்து நிலைத்திருந்தால்தான் ஓ.சி.ஐ. அட்டைக்கு மனுப் போடலாம். அது கிடைத்தால் அடிக்கடி விசா நீட்டும் தொல்லை இல்லை. ஆனால் அது குடியுரிமை அல்ல. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. குடியுரிமையே வேண்டுமென்றால் ஏழு வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், பிறந்த நாட்டை விட்டுக்கொடுக்கவும் நேரும். அவசரப்பட்டு முடிவு செய்கிற விஷயமில்லை.

பெயர்: இதில்தான் நாங்கள் இரண்டாம் தடவை மாட்டினோம். அவள் பாஸ்போர்ட்டில் தன் பெயர், 'ஏ/பி', பிறகு அப்பா பெயர் என்று இருக்கும். 'ஏ/பி' என்றால் மலாய் மொழியில் 'இன்னாரின் மகள்'. நாங்களோ கல்யாணப் பதிவில் நம் வழக்கப்படி புருஷன் பெயரை இனிஷியலாகப் போட்டுவிட்டோம்! இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி அலைந்தோம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஆசைக்குக் கூப்பிடும் பெயர் வீட்டோடு இருக்கட்டும்.

குழந்தை: இளம் தாய்மார்கள் இதைக் கவனிக்கணும். 2004 டிசம்பர் 3 முதல் உள்ள சட்டப்படி, இங்கே பிறக்கும் குழந்தை பிறப்பால் இந்தியக் குடிமகனாக அப்பா மட்டும் இந்தியராக இருந்தால் போதாது. அம்மா சட்டவிரோதமாகத் தங்கியவராக இருக்கக்கூடாது. விசா முடிந்தும் தங்கியிருப்பவரையும் சட்டம் அப்படித்தான் கணக்கிடுகிறது. நாம் மறக்கும் ஒரு தேதி, பிள்ளையின் தலையில் விடிகிறது!

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே அவள் விசா தேதி சிவப்பு மையில் இருக்கிறது. மூன்று மாதம் முன்னாலேயே ஒரு வட்டம். அதற்கு அடுத்த தாளில் இன்னொரு வட்டம் போட்டிருக்கிறேன்: அவளுக்கு வளைகாப்பு!