அனாமத்துக் கணக்கில் ஒரு விமானம்

விமானம் காணாமல் போனா, தேடுற கப்பலுக்கு முன்னாடி கதைதாங்க கிளம்புது! 2014 மார்ச் 8-ல் 239 பேரோட கோலாலம்பூரில் இருந்து பெய்ஜிங் கிளம்பின எம்எச்370 ஞாபகம் இருக்கா? டியாகோ கார்சியாவில் இறக்கிட்டாங்க, கஜகஸ்தானுக்குக் கடத்திட்டாங்க, விமானியே கவுத்துட்டார்... எங்க கிரிவலப் பாதை டீக்கடை வரைக்கும் ஆளுக்கொரு தியரி.

நம்ம பக்கத்துலயே ஒண்ணு நடந்துச்சு. 2016 ஜூலை 22, தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோட போன விமானப்படையின் ஏஎன்-32 வங்கக் கடலுக்கு மேல மறைஞ்சது. 2024 ஜனவரியில்தான் பதில் வந்தது. பள்ளிக்கரணை தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்துல சிதைவுகள். ஏழரை வருஷம் கழிச்சுக் கிடைச்ச பதில் அது.

காமர்ஸ்ல இருப்பாய்வு டேலி ஆகலைன்னா, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைப்போம். பிழை தெரியுற வரைக்கும் யார் தலையிலும் எழுத மாட்டோம். எம்எச்370 பத்தின 2018 விசாரணை அறிக்கையே காரணத்தைத் தீர்மானிக்க முடியலைன்னு சொல்லுது. அப்புறம் நாம எப்படி விமானி பேர்ல பற்று எழுதலாம்? அவருக்கும் குடும்பம் இருக்கே!

யூகமே கூடாதுன்னு சொல்லலை. விமானம் தெற்கு இந்தியப் பெருங்கடல் பக்கம் போச்சுன்னு சொன்னதும் செயற்கைக்கோள் சிக்னலை வெச்சுப் போட்ட கணக்குதான். 2015-ல் ரீயூனியன் தீவில் ஒதுங்கின இறக்கைப் பாகம் அதோட ஒத்துப்போச்சு. சரிபார்க்க முடியுற யூகம் வேற, சும்மா ஃபார்வர்டு பண்ற கதை வேற.

அடுத்த தியரி வந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க மக்களே: இது தப்புன்னா அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கா? இல்லையா, அனாமத்துலயே கிடக்கட்டும்.